ஆரோக்ய நிகேதனம்: எனக்குப் பாதி சம்மதம்

ஆரோக்ய நிகேதனம் நாவலை ஒரு வழியாகப் படித்து முடித்துவிட்டேன். "கிராமத்துல இருக்கிற நீங்க இதைப் படிச்சே ஆகணும், அந்தக் காலத்து ஞானம் அத்தனையும் இதுல இருக்கு" என்று சென்னை நண்பர் ஒருவர் அனுப்பி வைத்தது. முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. எப்படி இருந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். போனில் நாலு வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிடறேன். நல்ல நாவல்தான். ஆனால் டவுனில் இருப்பவர்கள் எந்தக் காரணத்துக்காக அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களோ, அந்தக் காரணம் எனக்கு ஒப்பவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. எழுதியவர் தாராசங்கர் பந்தோபாத்யாய். வங்காளத்தில் பீர்பூம் மாவட்டம், லாப்பூர் என்கிற ஊர்க்காரர். 1898ல் பிறந்து 1971ல் காலமானவர். நாவல் 1953ல் வந்தது, 1956ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. தமிழில் த.நா.குமாரஸ்வாமி மொழிபெயர்த்திருக்கிறார்.

ஜீவன் மஷாய் என்று ஒரு வைத்தியர். மஷாய் என்பது மரியாதைப் பேர், நாம் ஐயா என்பது மாதிரி. பரம்பரை வைத்தியக் குடும்பம். அவர்களுடைய வைத்தியசாலையின் பெயர்தான் ஆரோக்ய நிகேதனம். கதை தொடங்கும்போது அது இடிந்து கிடக்கிறது, அவரும் கிழவர். அவருடைய பெரிய திறமை நாடி பார்ப்பது. மணிக்கட்டில் விரல் வைத்தால் இந்த உடம்பு பிழைக்குமா, பிழைக்காதா, எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துவிடும். தெரிந்ததை மறைக்கவும் மாட்டார். காலில் அடிபட்ட ஒரு கிழவியைப் பார்த்துவிட்டு, இனிக் கங்கைக்கரைக்குப் போகிற வழியைப் பாருங்கள் என்கிற மாதிரிச் சொல்லிவிடுகிறார். ஊருக்குப் புதிதாக வந்த ஆஸ்பத்திரி டாக்டர் பிரத்யோத் என்கிற இளைஞருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. உயிரோடு இருக்கிற மனுஷியிடம் சாவுத் தேதி சொல்ல நீர் யார் என்று கேட்கிறார். இந்தக் கேள்விதான் நாவல் பூராவும் ஓடுகிறது.

முதலில் அதன் வேகத்தைப் பற்றி. வேகம் என்று ஒன்று இருந்தால்தானே! கிழவர் உட்கார்ந்திருப்பார், பழசை நினைப்பார். அப்பா சொன்னது, இளவயதில் கிடைக்காமல் போன மஞ்சரி, ரங்கலால் டாக்டரிடம் இங்கிலீஷ் வைத்தியம் கற்றுக்கொண்டது என்று நாற்பது பக்கம் பின்னால் போய்விட்டு மறுபடி திண்ணைக்கு வருவார். சேதாப் என்கிற சிநேகிதரோடு சதுரங்கம் ஆடுவார். ஒரு நோயாளி வருவார், நாடி பார்ப்பார், மறுபடி நினைப்பு. எங்கள் பக்கம் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிற நாட்களில், கொட்டகையில் உட்கார்ந்து ஒரு மடை நிறைகிற வரைக்கும் படிப்பேன். அந்த நேரத்துக்குப் பத்துப் பக்கம் தாண்டாது. வங்காளப் பெயர்கள் வேறு ஞாபகத்தில் நிற்கவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். மொழிபெயர்ப்பிலும் சமஸ்கிருத வார்த்தைகள் அதிகம். நூறு பக்கத்தில் மூடி வைத்துவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது.

ஆனால் பாதிக்கு மேல் போனபிறகு அந்த மந்தம் எனக்குப் பிடிபட்டது. வீட்டில் ஒரு பெரிய உயிர் படுக்கையில் விழுந்துவிட்டால் காலம் இப்படித்தான் போகும். காலையில் கஞ்சி, மத்தியானம் துணி மாற்றுவது, சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள், அவர்கள் சொல்கிற பழங்கதை. மறுநாளும் அதேதான். படுக்கையில் ஆள் கிடந்த வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த நாவல் மெதுவாகத் தெரியாது.

எனக்குப் பிடித்த விஷயம் எதுவென்று கேட்டால், அந்தக் கிழவர் வாய்விட்டுச் சொல்கிறாரே, அதுதான். தாந்து கோஷால் என்று ஒருத்தர் வருகிறார். வயிற்று நோய்க்காரர், ஆனால் நாக்கை அடக்க மாட்டார். மருந்து வேண்டும், பலகாரமும் வேண்டும். உன் நாக்குதான் உனக்கு எமன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார் மஷாய். எங்கள் ஊரிலும் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போதே டீக்கடையில் சீனி தூக்கலாக ஒரு டீ சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. மாத்திரையின் அளவு மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

நாடி பார்த்துச் சாவைச் சொல்வது நிஜமா, பொய்யா என்று நான் வாதம் பண்ண வரவில்லை. விரல் வைத்து நாள் குறிப்பதை நான் கண்டதில்லை. ஆனால் நீண்ட நாள் ஒரே வேலையைப் பார்த்தவனுக்குச் சில விஷயம் தெரியும் என்பதை ஒத்துக்கொள்வேன். எங்கள் பக்கம் தென்னைக்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்று ஒன்று உண்டு. எங்கள் ஜில்லா பேரையே அதற்கு வைத்துவிட்டார்கள். தூரில் செம்பழுப்பாகச் சாறு வடியும், அடிமட்டை ஒவ்வொன்றாகக் காய்ந்து தொங்கும், குருத்து சிறுத்துப்போகும். எந்த மரம் தப்பும், எது தப்பாது என்று தோப்பில் நடந்தாலே பழகின கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் வேப்பம்பிண்ணாக்குப் போட்டு, போர்டோ கலவை ஊற்றி, வேரில் மருந்து கட்டி நிறுத்திப் பார்க்கலாம். முற்றிப்போனால் வெட்டி, தூரைத் தோண்டி எரித்துவிட வேண்டியதுதான். இல்லாவிட்டால் பக்கத்து மரத்துக்கும் பரவும். தப்பாத மரத்துக்கு ஆயிரக்கணக்கில் மருந்து ஊற்றுகிறவனைப் பார்த்து, "விடுப்பா, அது போயிடுச்சு. பக்கத்து மரத்தைப் பாரு" என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

மனுஷ விஷயத்தில் அப்படிச் சொல்கிற ஆள் இப்போது இல்லை. எங்கள் பெரியப்பாவுக்கு எண்பத்தாறு வயசு. பக்கவாதம் வந்து விழுந்தார். பெரிய டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் ஐசியூ. வாயில் குழாய், வெண்டிலேட்டர். பார்க்க ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், அதுவும் ஒருத்தருக்கு மட்டும். டாக்டர் கெட்டவர் இல்லை. தினமும் வெளியே வந்து, "மேற்கொண்டு என்ன செய்யலாம், நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்பார். நாலு பையன்கள். நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். போதும் என்று முதலில் வாயைத் திறக்கிறவன் அப்பனைக் கொன்றவன் ஆகிவிடுவானே! கடைசியில் இரண்டு மா நிலம் விலைக்குப் போயிற்று. எங்கள் பக்கம் மூணு மா ஒரு ஏக்கர். அறுபது வருஷம் அவர் உழுத நிலம். அவருக்குத் தெரிந்திருந்தால் குழாயைத் தானே பிடுங்கிப் போட்டிருப்பார்.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு ஜீவன் மஷாய் இருந்திருந்தால், கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிப் போங்கப்பா, திண்ணையில படுக்க வைங்க, பேரப்பிள்ளைகளை வரச் சொல்லுங்க" என்று சொல்லியிருப்பார். நாலு பிள்ளைகளின் பாரத்தையும் தன் தலையில் வாங்கிக்கொண்டிருப்பார். அந்த வகையில் தாராசங்கர் பக்கம்தான் நான்.

இங்கே வரைக்கும் நண்பருக்கு சந்தோஷமாக இருக்கும். இனிமேல் சொல்வதையும் அவர் கேட்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையன். பதினாலு வயசு. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. கட்டுவிரியன் கடி பலருக்கு வலிக்கவே வலிக்காது. கடித்ததே தெரியாமல் தூங்கிவிடுவார்கள். விடியக்காலம் வயிற்று வலி என்றான். அப்புறம் கண் இமை தொங்க ஆரம்பித்தது, பேச்சு குழறியது. 108 வந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூச்சு விடுகிற தசை செயலிழந்துகொண்டே வந்ததால் நாலு நாள் வெண்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். அஞ்சாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். இப்போது ஐடிஐ படிக்கிறான்.

பெரியப்பாவுக்கு வைத்த அதே மெஷின். அவருக்கு அது வெறும் இழுத்தடிப்பு. இவனுக்கு அது உயிர். அந்தப் பையன் கிடந்த கிடப்பில் எந்தக் கிழவர் நாடி பார்த்திருந்தாலும் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார். அசைவு கிடையாது, கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை. என் சின்ன வயசில் இதே மாதிரிக் கடிபட்டவர்களை விஷக்கடி வைத்தியரிடம் கொண்டுபோவார்கள். வேப்பிலை அடிப்பார், பச்சிலை கொடுப்பார், கடைசியில், "விதி முடிஞ்சுது, கொண்டு போங்க" என்பார். ரொம்ப சாந்தமாகத்தான் சொல்வார். நாங்களும் விதி என்று ஏற்றுக்கொண்டுதான் சுடுகாட்டுக்குப் போனோம். அப்படிப் போனதில் எத்தனை பேர் போகாமல் இருந்திருக்க வேண்டியவர்கள்! செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978லிருந்து இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு பாம்பின் விஷத்தை அவர்கள் எடுத்துத் தருகிறார்கள். அதிலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. எங்களுக்கு அந்தக் காலத்து ஞானம் என்றால் அதையும் சேர்த்துத்தான். பாம்பைத் தெரிந்த இருளர்களின் அறிவும் ஊசி மருந்தும் அங்கே கைகோர்த்து நிற்கின்றன.

இந்த நாவலோடு எனக்கு உள்ள மனத்தாங்கல் இதுதான். மரணத்தைப் பற்றி அதில் ஓர் அருமையான கதை வரும். மகாபாரதத்திலிருந்து எடுத்தது. பிரம்மா மரணத்தை ஒரு பெண்ணாகப் படைக்கிறார். உயிர்களைக் கொல்ல மாட்டேன் என்று அவள் அழுகிறாள். அந்தக் கண்ணீர்தான் நோய்களாக ஆயிற்றாம். அவளுக்குக் கண் தெரியாது, காது கேட்காது. படித்துவிட்டு ஒரு நாள் பூராவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எண்பத்தாறு வயசுக்காரருக்கு அவள் மகள் மாதிரி வந்து கையைப் பிடிக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். பதினாலு வயசுப் பையனிடம் அவள் வந்தால் கதவைச் சாத்திக் கட்டையைக் குறுக்கே போட வேண்டும். நாவலின் சோகம் இந்த இரண்டு சாவையும் ஒரே போர்வையால் போர்த்திவிடுகிறதோ என்று எனக்கு ஒரு நெருடல். சிறுசுகள் செத்தாலும், கிழடுகள் செத்தாலும் அதே மெல்லிய குரல், அதே பெருமூச்சு.

தாராசங்கர் நியாயமான ஆள், அதையும் சொல்லணும். பிரத்யோத்தை அவர் வில்லனாக ஆக்கவில்லை. அந்த இளைஞனின் கோபத்தை முழுசாகக் காட்டுகிறார். மஷாயும் புது மருந்துகளின் பலத்தை மறுக்கிறவர் இல்லை. ஆச்சரியத்தோடு பார்க்கிறார். பின்னால் அந்த டாக்டரே கிழவரை மதிக்கிற இடமும் வருகிறது. ஆகவே, "பாருங்க, நம்ம பழைய வைத்தியத்தை இங்கிலீஷ் மருத்துவம் அழிச்சிருச்சு" என்று சொல்ல இந்த நாவலைத் துணைக்கு இழுத்தால், அது எழுதியவருக்கே செய்கிற அநியாயம். அப்படிப் பேசுகிறவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் மூன்று ஆஸ்பத்திரி இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

இன்னொரு விஷயம். நாவலைப் பற்றி யார் எழுதினாலும் மஷாயின் ஞானத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு மனசில் தங்கியது அவர் மனைவி அத்தர்பௌதான். அவர்களுக்கு ஒரே பையன், வனவிஹாரி. அவன் கையைப் பிடித்துப் பார்த்த மஷாய்க்கு இவன் தங்க மாட்டான் என்று தெரிந்துவிடுகிறது. சொல்லியும் விடுகிறார். பையன் போய்விடுகிறான். அதற்கப்புறம் அத்தர்பௌ வாழ்நாள் பூராவும் அவரைக் கரித்துக்கொட்டுகிறாள். படிக்கிறவர்களுக்கு அவள் நச்சரிக்கிற மனைவி, வாய் கொழுத்தவள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் சாவை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்னவன் வைத்தியனாக இருக்கலாம், அந்த நேரத்தில் அவன் அப்பனாக இருந்தானா என்பதுதான் அவளுடைய கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு மஷாயிடம் பதில் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் மரணத்தைப் பற்றித் தத்துவம் பேசுகிற ஆம்பளைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே மூத்திரத் துணி அலசுகிறவர்கள் பொம்பளைகள். அவர்களுக்குத் தத்துவம் பேச நேரம் இல்லை, அதனால் கத்துகிறார்கள். நாவலாசிரியர் அவளைக் கத்த விட்டிருக்கிறார், அது நல்லது. அவள் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்பது என் குறை.

ஆக, எனக்குப் பாதிதான் சம்மதம். வயசான உயிர் போகிற நேரத்தில் உண்மையைச் சொல்லவும், கையைப் பிடித்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும் என்பதில் நாவலோடு ஒத்துப்போகிறேன். போக வேண்டாத உயிருக்கும் அதே அமைதி போதும் என்றால் ஒத்துப்போக மாட்டேன்.

நகரத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா ஊரில்தான் இருக்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். இனி ஜீவன் மஷாய் திரும்பி வரப்போவதில்லை. அவர் செய்த வேலையைப் பிள்ளைகள்தான் பங்கு போட்டுச் செய்ய வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, அப்பா நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "முடியாம போனா உங்களுக்கு என்னப்பா செய்யணும், எதுவரைக்கும் செய்யணும்?" அபசகுனம் என்று அம்மா திட்டுவார்கள். திட்டட்டும். அப்பாக்கள் பெரும்பாலும் திட்ட மாட்டார்கள், அவர்கள் மனசில் பதில் தயாராகவே இருக்கும். குழாய் எல்லாம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. 2023ல் அந்த நடைமுறையைக் கொஞ்சம் சுலபமாகவும் ஆக்கினார்கள். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடு 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இருக்கிறது. உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு பிள்ளைகள் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து நிற்கிற நிலைமையாவது மிஞ்சாது.

அப்படியே, ஊர் வீட்டில் தரையில் படுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கட்டிலும் கொசுவலையும் வாங்கிப் போடுங்கள். வலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் விரியன் உள்ளே வராது.

நாவலைப் படியுங்கள். மெதுவாகத்தான் போகும், அவசரப்படாதீர்கள். அத்தர்பௌ பேசுகிற இடம் வரும்போது மட்டும் பக்கத்தைத் தள்ளிவிடாமல் கொஞ்சம் நின்று படியுங்கள்.